பவளத்தி வெளுத்துப்போன கதை

அந்தக் காலத்தில், மீனும் நண்டும் மனிதர்களோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, பவளத்துக்கு வீடு கிடையாது. கல் கிடையாது, நிறமும் கிடையாது. சோற்றுப் பருக்கை அளவு உடம்பு. அதன் உச்சியில் ஒரு வாய். வாயைச் சுற்றிச் சில மெல்லிய விரல்கள். அலை எங்கே தள்ளுகிறதோ அங்கே போகும். பசித்தவர் யாரும் அதைத் தின்னலாம், தின்றார்கள். கிளிமீன் கூட்டம் ஒருமுறை வந்து போனால் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள். ஏன் என்று கேட்க யாரும் இல்லை. இத்தனை சிறிய உயிருக்காக யார் வாயைத் திறப்பார்கள்?

அந்தக் கூட்டத்தில் பவளத்தி என்று ஒருத்தி இருந்தாள். அவர்கள் மிதந்து திரிந்த கடலின் நடுவே தாழைத்தீவு இருந்தது. மணல் சேர்ந்து உண்டான தீவு. கரை முழுக்கத் தாழம்புதர், மேற்கே சேற்றில் வேரூன்றி நிற்கும் கண்டல் மரங்கள், நடுவில் ஒரு மேடு, மேட்டைச் சுற்றிக் குடிசைகள். அங்கே சங்கு குளிப்பவர்களும் மீன் பிடிப்பவர்களும் வாழ்ந்தார்கள். சங்காயி அந்த ஊர்க்காரி. மூச்சுப் பிடித்துக் கடலடிக்குப் போய்ச் சங்கு எடுப்பதில் ஆண்களும் அவளுக்குப் பின்னால்தான். அவளுக்கு ஒரே மகள் இருந்தாள். காய்ச்சலில் இறந்துபோனாள். ஊர் வழக்கப்படி தீவின் கிழக்கு முனையில் புதைத்தார்கள்.

பிறகு கடல் ஏறத் தொடங்கியது. முதலில் யாருக்கும் தெரியவில்லை. வள்ளம் கட்டும் முளை தண்ணீருக்குள் போயிற்று. வேறு முளை அடித்தார்கள். கிணற்று நீர் கரித்தது. மேட்டருகே வேறு கிணறு தோண்டினார்கள். ஒரு பருவத்தில் அலை கிழக்கு முனையை அரித்துத் தின்றது. காலையில் சங்காயி போய்ப் பார்த்தபோது மகளைப் புதைத்த இடத்தில் தண்ணீர் நின்றது. பிள்ளையின் கையில் போட்டுப் புதைத்த சங்கு வளையல் மட்டும் மணலில் கிடந்தது.

அவள் அழவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று கடலைக் கூப்பிட்டாள். செத்த பிள்ளையைக்கூட விட்டுவைக்கமாட்டாயா என்று கேட்டாள்.

கடல் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. வடக்கே எங்கோ மலை மலையாகக் கிடந்த பனி உருகுகிறது, அந்தத் தண்ணீரெல்லாம் தன்னிடம்தான் வந்து சேருகிறது, யார்மேலும் தனக்குப் பகையில்லை என்று கடல் நிதானமாகச் சொன்னது.

“வந்த தண்ணீரை நான் எங்கே வைப்பேன்? இடம் இருக்கும் பக்கம் போகிறேன்.”

“இது இடமில்லை. இது எங்கள் ஊர்.”

ஓர் அலை வந்து அவள் வயிற்றில் மோதிவிட்டுப் போயிற்று.

சங்காயி உதவி தேடிப் போனாள். திமிங்கலத்திடம் கேட்டாள். தான் வேறு கடலுக்குப் போகிறவன், ஒரே இடத்தில் நிற்கத் தன்னால் ஆகாது என்று அது சொல்லிவிட்டது. கடலடிக் கரும்பாறையிடம் கேட்டாள். அதற்கு அசைய மனமில்லை. சிப்பிகளிடம் போனபோது அவை ஓடுகளை மூடிக்கொண்டன. பெரிய உடம்புக்காரர்கள் எல்லோரிடமும் ஆளுக்கொரு காரணம் இருந்தது.

அவள் களைத்துப்போய் நீந்தித் திரும்பும்போது காதருகே ஒரு குரல் கேட்டது.

“நாங்கள் நின்றால் உங்களுக்குச் சுவர் ஆகுமா?”

பவளத்திதான் கேட்டாள். சங்காயி அந்தச் சின்ன உடம்பைப் பார்த்தாள். விரலால் தொட்டால் நசுங்கிவிடும்போல் இருந்தது. அலை அடித்தால் நீ எப்படி நிற்பாய் என்று கேட்டாள். இன்றைக்கு நிற்க முடியாதுதான், கற்றுக்கொள்ளலாம் என்றாள் பவளத்தி. தன் மகளையும் போன வாரம் கிளிமீன் தின்றுவிட்டது, தேடிப் போக ஓர் இடம்கூடத் தனக்கு இல்லை, ஓர் இடம் வேண்டும் என்றாள். இரண்டு தாய்களும் கொஞ்ச நேரம் அருகருகே தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் பவளத்தி சிப்பியிடம் போனாள். மனிதருக்குத் திறக்காத சிப்பி அவளுக்குக் கொஞ்சம் திறந்தது. கடல் தண்ணீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது, அதைக் குடித்து உடம்பின் அடியில் துளித் துளியாகக் கசியவிட்டால் கல்லாகும் என்று அது சொல்லிக்கொடுத்தது. சொல்லிவிட்டு ஓர் எச்சரிக்கையும் தந்தது.

“உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். அந்தக் கல்லை விட்டு நீ மறுபடி எழுந்திருக்க முடியாது. சாகும்வரை அங்கேதான்.”

பவளத்தி தன் கூட்டத்திடம் போய் இதைச் சொன்னாள். நீந்தித் திரிந்த உயிர்கள் அவை. அலையோடு ஆடுவதைத் தவிர அவற்றுக்கு வேறு சுகம் தெரியாது. அதையும் விட வேண்டும் என்றபோது பலர் தயங்கினார்கள். பிள்ளைகளாவது பிறந்ததும் சில நாள் நீந்தித் திரியட்டும், பிறகு உட்காரட்டும் என்று பேசி முடிவு செய்தார்கள். தாழைத்தீவின் கிழக்கே கடலடியில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

கல் கசிந்தது. ஆனால் மெல்ல, மிக மெல்ல. சுண்ணாம்பைக் கல்லாக்க அவ்வளவு பலம் வேண்டியிருந்தது. விரல்களை நீட்டிப் பிடிக்கும் இரை வயிற்றுக்கே போதவில்லை. சிலர் பசியில் செத்தார்கள். இந்தச் சமயத்தில்தான் பொன்பாசி வந்து சேர்ந்தாள்.

பொன்பாசி தூசி அளவுகூட இல்லாத ஒரு செடி. வெயில் விழுந்தால் அதையே சாப்பாடாக்கத் தெரிந்தவள். ஆனால் நீண்டு வளரும் பெரிய பாசிகள் வெயிலையெல்லாம் மறித்துக்கொண்டு அவளையும் அவள் இனத்தையும் இருட்டுக்குத் துரத்தியிருந்தன. ஒதுங்க இடம் கிடைக்காமல் அலைந்தவள் பவளத்தியின் வாசலில் வந்து நின்றாள். உன் உடம்புக்குள் ஒரு மூலை கொடு, வெயிலைச் சமைத்துப் போடுகிறேன் என்றாள். பவளத்தி விரல்களை விரித்து உள்ளே வரச் சொன்னாள். அப்படியே ஒவ்வொரு பவளமும் ஒவ்வொரு பாசிக் குடும்பத்தை உள்ளே வைத்துக்கொண்டது. சமைத்ததில் பாதிக்கு மேல் பொன்பாசி வீட்டுக்காரிக்கே கொடுத்தாள். பவளத்தி விட்ட மூச்சையும் வெளியேற்றிய கழிவையும் பொன்பாசி தனக்கு உரமாக எடுத்துக்கொண்டாள். துரத்தப்பட்ட இருவர் சேர்ந்து நடத்திய குடித்தனம் அது. ஒருவரை ஒருவர் ஏமாற்றியதாக யாரும் சொல்லக் கேட்டதில்லை.

பாசி வந்த பிறகுதான் பவளத்துக்கு நிறம் வந்தது. தேன் நிறம், இலைப்பச்சை, மஞ்சள் கலந்த தவிட்டு நிறம். கல்லும் வேகமாக ஏறியது.

சுவர் தண்ணீருக்கடியில் தெரியத் தொடங்கியதும் சங்காயி ஊரையே அழைத்துவந்தாள். இதற்குக் கைம்மாறாக உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். பவளத்தி பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை.

“தண்ணீரைத் தெளிவாக வையுங்கள். எங்களுக்கு வெயில் வேண்டும். எங்களை உடைக்காதீர்கள்.”

ஊர்த்தலைவன் சேந்தன் முன்னால் வந்து கடல் தண்ணீரைக் கையில் அள்ளி வாக்குக் கொடுத்தான். அவன் பின்னால் ஊரே அள்ளியது. பெண்களும் குழந்தைகளும் அள்ளினார்கள், எழுந்து நிற்க முடியாத கிழவர்களைக்கூடத் தூக்கிவந்து வாக்குக் கொடுக்க வைத்தார்கள்.

அந்தக் காலத்து மனிதர்களுக்கு ஆயுசு நீளம். ஆகவே அவர்கள் கண்ணெதிரிலேயே அந்தச் சுவர் வளர்ந்தது. கடல் ஏறியது, சுவரும் ஏறியது. ஏறாமல் இருக்க முடியாது. கீழே தங்கிவிட்டால் வெயில் எட்டாது, பொன்பாசி பட்டினி கிடப்பாள், இருவரும் சாவார்கள். அதனால் மகள்கள் தாய்களின் எலும்பின் மேல் உட்கார்ந்தார்கள். பேத்திகள் மகள்களின் எலும்பின் மேல் உட்கார்ந்தார்கள். பவளத்தி தன் அடியில் கல்லைக் கசியவிட்டுக்கொண்டே அவர்களோடு மேலே வந்தாள். கீழே எலும்பு, மேலே உயிர். உயிரோடு இருந்தது மேலே ஒரு மெல்லிய தோல் அளவுதான். அதன் கீழே ஆழம் முழுக்க இறந்தவர்கள் நின்று தாங்கினார்கள்.

வெளிக்கடலில் எவ்வளவு பெரிய அலை எழுந்தாலும் சுவரில் மோதி உடைந்து நுரையாகத்தான் உள்ளே வந்தது. சுவருக்கும் கரைக்கும் நடுவில் தண்ணீர் குளம்போல் கிடந்தது. குழந்தைகள் அதில் நீந்தப் பழகினார்கள். பவளப் பொந்துகளில் மீன்கள் குடிவந்தன. பகைவனான கிளிமீன்கூடக் கல்லைக் கடித்துத் தின்று மணலாகக் கழித்தது; அந்த மணல் தீவின் கரையில் சேர்ந்தது. கிணற்றில் மறுபடி நல்ல தண்ணீர் ஊறியது. சங்காயி தினமும் சங்கு குளிக்கப் போகும்போது பவளத்தியிடம் ஊர்க்கதை பேசிவிட்டு வருவாள். பவளத்தி அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

இவ்வளவு கிடைத்த பிறகு மனிதர்களுக்கு என்ன குறை வந்தது? சுவர் வெள்ளையாக இல்லை என்ற குறை வந்தது. வீட்டுச் சுவரைச் சொல்கிறேன்.

சேந்தன் ஒருமுறை கடல் தாண்டிப் பெருங்கரைக்குப் போயிருந்தான். அங்கே சுண்ணாம்பு பூசிய மாளிகைகளைப் பார்த்தான். திரும்பி வந்தவனுக்குத் தன் ஓலைக் குடிசையில் தூக்கம் பிடிக்கவில்லை. பவளக்கல்லைச் சுட்டால் சுண்ணாம்பு என்று அங்கேதான் தெரிந்துகொண்டு வந்திருந்தான். முதலில் கரையில் ஒதுங்கிய பழைய துண்டுகளைப் பொறுக்கினான். அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அது தீர்ந்ததும் கடப்பாரையோடு வள்ளத்தில் போய்ச் சுவரையே பெயர்த்தான். கல்லை அடுக்கி மேட்டின்மேல் வீடு கட்டினான். மிச்சத்தைச் சுடக் காளவாசல் போட்டான். விறகுக்கு மேற்கே இருந்த கண்டல் மரங்களை வெட்டினான். மரம் பிடித்து வைத்திருந்த சேறு மழையில் கரைந்து தண்ணீரில் கலந்தது. காளவாசல் சாம்பலைச் சூடு ஆறுமுன்பே சுவருக்கு உள்ளே கிடந்த தண்ணீரில் கொட்டினார்கள்.

சங்காயி ஊர்க்கூட்டத்தில் எழுந்து கேட்டாள். கையில் தண்ணீர் அள்ளிக் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்றாள். சேந்தன் சிரித்தான். தான் உயிருள்ள எதையும் தொடவில்லை என்றான்.

“அது கல், சங்காயி. கல்லுக்கு வலிக்குமா?”

“கல்லின்மேல் உட்கார்ந்திருப்பவளுக்கு வலிக்கும். நீங்கள் அவளைக் கேட்டீர்களா, தலைவரே?”

கேட்கவேண்டிய அவசியம் இல்லை என்று சேந்தன் சொன்னான். ஊருக்கே வெள்ளை வீடு வரும் என்றும் சொன்னான். கூட்டத்தில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருவரும் சங்காயியின் பக்கம் பேசவில்லை. வாக்குக் கொடுக்கும்போது முண்டியடித்து முன்னால் வந்தவர்கள்தான் அவர்கள் எல்லோரும். மறுநாள் அவர்களில் பலர் கடப்பாரை செய்யச் சொல்லிக் கொல்லனிடம் போனார்கள்.

அந்த வருடம் கோடை கடுமையாக இருந்தது. காற்று நின்றுபோயிற்று. சேறும் சாம்பலும் கலந்த தண்ணீர் வெயிலில் காய்ந்து சூடேறியது. பவளத்தியின் உடம்புக்குள் பொன்பாசி தவித்தாள். சூட்டில் அவள் சமைத்ததெல்லாம் நஞ்சாக மாறியது. நஞ்சு பவளத்தியின் தசையைச் சுட்டது.

பொன்பாசிதான் முதலில் சொன்னாள்.

“நான் போடுவது சோறில்லை. என்னை வைத்திருந்தால் நீ செத்துப்போவாய். வெளியே அனுப்பிவிடு.”

“நீ போனால் நான் பசியில் சாவேன்.”

“பசி கொஞ்சம் பொறுக்கும். நஞ்சு பொறுக்காது. தண்ணீர் குளிர்ந்ததும், உயிரோடு இருந்தால் தேடி வருகிறேன்.”

பவளத்தி வாயைத் திறந்து அவளை வெளியே விட்டாள். சுவர் முழுக்க அதுவே நடந்தது. தலைமுறை தலைமுறையாகக் கூடவே இருந்தவர்களை ஒவ்வொரு வீட்டுக்காரியும் தன் கையாலேயே வெளியே அனுப்பினாள். அனுப்பியதும் அவர்கள் உடம்பில் இருந்த நிறமெல்லாம் போயிற்று. தசை கண்ணாடிபோல் ஆகி, அதன் வழியே அடியிலிருந்த எலும்பு தெரிந்தது. தீவின் கிழக்குப் பக்கம் முழுவதும் வெள்ளையாக நின்றது.

ஊர் அதைப் பார்த்து என்ன செய்தது தெரியுமா? சந்தோஷப்பட்டது. கரையில் கூடி நின்று ரசித்தார்கள். கடலே நமக்காகச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டுவிட்டது என்று சேந்தன் சொன்னான். வெளுத்த கல் நன்றாக வேகும் என்று கணக்குப் போட்டு இன்னும் இரண்டு வள்ளங்களை அனுப்பினான். புதிதாகக் கல்யாணமானவர்கள் வள்ளத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

சங்காயி மட்டும் தண்ணீருக்குள் இறங்கினாள். அவளுக்கு வயதாகிவிட்டது, மூச்சு முன்போல் நிற்கவில்லை. இருந்தும் பவளத்தி இருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். பவளத்தியின் விரல்கள் தொங்கிக் கிடந்தன. செத்துவிட்டாள் என்றே சங்காயி நினைத்தாள்.

“இன்னும் சாகவில்லை, அக்கா,” என்றாள் பவளத்தி. குரல் மிகவும் மெலிந்திருந்தது. “மேலே சிரிப்புச் சத்தம் கேட்கிறதே, என்ன?”

சங்காயிக்குப் பொய் சொல்ல வரவில்லை. நீங்கள் வெளுத்திருப்பது அழகாக இருக்கிறதாம் என்று சொன்னாள்.

பவளத்தி தொங்கிய விரல்களை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

“நாங்கள் கேட்டது மூன்றே வார்த்தைதான். தண்ணீர், வெயில், உடைக்காதே. அதைக் கேட்காத காதுக்கு இனி நாங்கள் என்ன சொல்லி என்ன? எங்கள் எலும்பைப் பார்த்து அழகு என்கிறார்கள். இனி நாங்கள் மனிதரோடு பேசமாட்டோம். உன்னோடும்தான், அக்கா. உன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் உன்னோடு பேசினால், மற்றவர்கள் நாங்கள் அவர்களோடும் பேசுவதாக நினைத்துக்கொள்வார்கள்.”

சங்காயி எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் வரவில்லை. மூச்சு முட்டியதும் மேலே வந்தாள். கரையேறியவள் நேரே காளவாசலுக்குப் போனாள். அங்கே சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்து அடுப்பின் வாயை இடித்தாள். சேந்தனின் ஆட்கள் அவளைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். பைத்தியம் என்றார்கள். அடுத்த நாளே அடுப்பைப் பூசிச் சரிசெய்துவிட்டார்கள்.

கோடை போய் மழைக்காலம் வந்தது. கடலில் பெரும் புயல் எழுந்தது. அலைகள் சுவரில் மோதின. செத்தும் சாகாமலும் இருந்த பவளங்கள் அன்றைக்கும் நின்றன. கொடுத்த வாக்கை அவை மீறவில்லை. அலையைத் தங்கள் எலும்பில் வாங்கிக்கொண்டன. ஆனால் கடப்பாரை பெயர்த்த இடத்தில் நிற்க யாரும் இல்லை. அந்த வாயில் வழியே கடல் உள்ளே வந்தது.

நியாயமாகப் பார்த்தால் அது சேந்தனின் வீட்டைத்தான் முதலில் கொண்டுபோயிருக்க வேண்டும். கொண்டுபோகவில்லை. அவன் வீடு மேட்டின்மேல் இருந்தது, பவளக்கல்லால் கட்டியது, அசையாமல் நின்றது. அடித்துப் போனதெல்லாம் கீழே இருந்த ஓலைக் குடிசைகளைத்தான். கடப்பாரை தொடாதவர்களின் குடிசைகளும் போயின. தொட்டிலில் கிடந்த பிள்ளைகளும் போயின. கிழக்கு முனை இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

தண்ணீர் வடிந்ததும் மிஞ்சியவர்கள் மேட்டுக்கு ஏறி வந்தார்கள். சேந்தன் கதவைத் திறந்து அவர்களை உள்ளே கூப்பிட்டான். எல்லோரும் இங்கே தங்கலாம், இனி ஊருக்கே இதேபோல் கல்வீடு கட்டலாம், சுவரில் இன்னும் நிறையக் கல் இருக்கிறது என்றான். அவன் அதை நல்ல மனதோடுதான் சொன்னான். அதுதான் கேட்டவர்களுக்குத் தாங்கவில்லை.

பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி, பேச்சியம்மை என்பவள், வாசற்படியைத் தாண்டவில்லை. குனிந்து அந்தப் படிக்கல்லைப் பெயர்த்தாள். தூக்க முடியாமல் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்து நடந்தாள். அவள் பின்னால் சங்காயி ஒரு கல்லை எடுத்தாள். பிறகு மற்றவர்களும் எடுத்தார்கள். போன கூட்டத்தில் தரையைப் பார்த்தவர்கள்தான். சேந்தன் குறுக்கே நின்று கத்தினான், கெஞ்சினான். யாரும் அவனை அடிக்கவில்லை. அவனைச் சுற்றிக்கொண்டு போய்க் கல்லை எடுத்தார்கள். பொழுது சாய்வதற்குள் வீடு இருந்த இடத்தில் வெறும் மண்மேடு இருந்தது. காளவாசலையும் இடித்து மூடினார்கள்.

கல்லையெல்லாம் சுவர் உடைந்த இடத்தில் கொண்டுபோய் அடுக்கினார்கள். அது வெறும் கல்தான், அதற்கு ஏறத் தெரியாது என்று அவர்களுக்குத் தெரியும். மேற்கே கண்டல் விதைகளை ஊன்றினார்கள். சேறு படிந்தது. வாடைக்காற்று வீசித் தண்ணீர் குளிர்ந்தது.

பொன்பாசி சொன்னபடியே தேடி வந்தாள். அவள் இனத்தில் மிஞ்சியவர்களும் வந்தார்கள். ஆனால் பல வீடுகளில் கதவைத் திறக்க ஆள் இல்லை, பசியில் செத்திருந்தார்கள். பவளத்தி செத்திருக்கவில்லை. விரல்களை விரித்துப் பொன்பாசியை உள்ளே வைத்துக்கொண்டாள். வெளுத்த உடம்பில் ஓர் ஓரமாகத் தேன் நிறம் ஊறியது. அடுத்த பருவத்தில் அவள் பெற்ற பிள்ளைகள் சில நாள் நீந்தித் திரிந்துவிட்டு, மனிதர்கள் அடுக்கிய கற்களின் மேல் வந்து உட்கார்ந்தன. யாரும் அவற்றை அங்கே கூப்பிடவில்லை. கூப்பிடும் தகுதி தங்களுக்கு இல்லை என்று ஊர் நினைத்தது.

சங்காயி சாகும்வரை தினமும் அந்த இடத்துக்குப் போய் உன் அக்கா வந்திருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். பவளத்தி ஒரு வார்த்தை பேசவில்லை. பவளத்தியைப் பார்த்து மீனும் நண்டும் ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டன.

அன்றிலிருந்து இன்றுவரை பவளம் மனிதரோடு பேசியதில்லை. கடல் சுட்டுப்போனால் உள்ளே இருப்பவளை அனுப்பிவிட்டு எலும்பு தெரிய வெளுத்து நிற்கிறது, அவ்வளவுதான். இன்றும் வள்ளத்தில் போய் அதைப் பார்த்து, அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.